அத்தைக்குச் சத்தம் வரவில்லை

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது சுனாமியின் தயவில். கடல் கொண்டுபோனதற்கு ஈடாக மெயின்லேண்டிலிருந்து அந்தமான் பக்கத்தில் இருக்கிற எங்கள் கட்சால் தீவுக்கு என்னென்னவோ வந்து இறங்கியது. முதலில் கம்பளி ஸ்வெட்டர் வந்தது. வருஷம் முழுக்க வேர்த்து வடிகிற தீவில் அதை என்ன செய்வதென்று தெரியாமல் அம்மா தலையணைக்குள் திணித்துத் தைத்தாள். பிறகு தகரக் கொட்டகை வந்தது. நடுப்பகலில் அதற்குள் அரிசியை வைத்தால் அடுப்பில்லாமலே வெந்துவிடும். அப்புறம் ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. நாங்கள் எவ்வளவு துக்கப்படுகிறோம் என்று வீடு வீடாகக் கேட்டு, அதை டைப் அடிக்க என்னை வேலைக்கு வைத்துக்கொண்டது. சில வருஷம் கழித்து, எங்கள் துக்கம் தீர்ந்ததோ அவர்களுடைய நிதி தீர்ந்ததோ, மூட்டை கட்டினார்கள். கப்பலில் ஏற்ற அலுப்புப்பட்டு ஒரு கம்ப்யூட்டரை எனக்கே விட்டுவிட்டுப் போனார்கள்.

அதில் இருந்தது லினக்ஸ். அந்த நிறுவனத்தில் கண்ணாடி போட்ட இளைஞர் ஒருவர் இருந்தார். காசு கொடுத்து மென்பொருள் வாங்குவது பாவம், கொடுக்காமல் திருடுவது அதைவிடப் பாவம் என்பது அவருடைய மதம். போகிறபோது எனக்கு மரியாதை செய்வதாக நினைத்து மெனுக்களையெல்லாம் தமிழுக்கு மாற்றி வைத்தார். "உங்க மொழியிலயே இருக்கும்க்கா, இனிமே எல்லாம் ஈஸி" என்றார். திறந்து பார்த்தேன். முன்னிருப்பு, விருப்பத்தேர்வு, வெளியீடு, முனையம். பள்ளிக்கூடத்தில் தமிழில் நல்ல மார்க் வாங்கியவள்தான் நான். அந்த மார்க்கை அன்றைக்கு மனதுக்குள் திருப்பிக் கொடுத்தேன்.

கொஞ்ச நாள் அதில் சீட்டு விளையாடினேன். சீட்டுக்குச் சத்தம் தேவையில்லை என்பதால் ஒரு குறையும் தெரியவில்லை. பென் டிரைவ் வந்த பிறகுதான் தெரிந்தது.

பென் டிரைவில் இருந்தது என் அத்தை, அப்பாவின் அக்கா. அப்பா பிறந்தது பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீட்டில், லயத்தில். யார் எந்த நாட்டுக்காரர் என்று இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொண்டபோது அப்பா இந்தியாவின் பங்குக்கு வந்தார். கல்யாணமாகியிருந்த அத்தை அங்கேயே நின்றுவிட்டாள். இந்தியா என்று கப்பலேறியவரை அரசாங்கம் இன்னொரு கப்பலில் ஏற்றி, நடுக்கடலில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்ட விட்டது. சில வருஷம் கடிதம் வந்தது, போனது. பிறகு அங்கே கலவரம், இங்கே சோம்பல், எல்லாம் நின்றுபோனது.

கோத்தகிரியில் இருக்கும் என் பெரியம்மா மகன் ஒரு கல்யாணத்துக்காகப் பதுளைக்குப் போனார். போன இடத்தில் விசாரித்து அத்தையைக் கண்டுபிடித்து, பேசச் சொல்லி மொபைலில் வீடியோ எடுத்தார். அதைப் பென் டிரைவில் ஏற்றி, கட்சாலுக்கு வருகிற ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். முப்பது வருஷத்துக்கு மேல் பார்க்காத அக்காவைப் பார்க்க அப்பா முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

அத்தை வந்தாள். மெலிந்து, கறுத்து, அப்பாவின் அதே மூக்கோடு, சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறந்தாள். பேசினாள். பேசினாள் என்று உதட்டை வைத்துத்தான் சொல்கிறேன். ஒரு சத்தமும் வரவில்லை.

"வால்யூம வையி பாப்பா" என்றார் அப்பா.

வைத்தேன். மூலையில் இருந்த சின்ன ஸ்பீக்கர் படத்தில் நூறு சதவீதம் என்று காட்டியது. நூறு சதவீத மௌனம்.

அத்தை பத்து நிமிஷத்துக்கு மேல் பேசினாள். நடுவில் முந்தானையால் பல தடவை கண்ணைத் துடைத்தாள். விரலை நீட்டி யாரையோ அதட்டினாள். ஒரு தடவை வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு சுவரிலிருந்து ஒரு போட்டோவைக் கழற்றி மடியில் வைத்துக் காட்டினாள். சட்டத்துக் கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் பட்டு முகம் வெள்ளையாக அழிந்திருந்தது. போட்டோவுக்குப் போட்டிருந்த மாலை மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

அப்பா எழுந்து நின்றுவிட்டார். "மச்சான் போயிட்டாரு" என்றார்.

அத்தையின் புருஷனைச் சொன்னார். போட்டோ, மாலை, கண்ணீர். வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்? அம்மாவுக்கு வேறு அர்த்தம் இருந்தது. "போட்டோ யாருதோ இருக்கட்டும். அந்த வெரல பாத்தீங்களா? அது எனக்குத்தான். கப்பலேறுறப்ப பித்தளைக் கொடத்த நான் எடுத்துட்டு வந்தேன்ல, இன்னும் மறக்கல."

"ஒரு பொம்பள புருசன் செத்து அழுவுறா, நீ கொடத்தப் பத்திப் பேசுற."

"அழுவுறவ எதுக்குங்க நடுவுல சிரிக்கிறா?"

துக்கம் முற்றினால் சிரிப்பு வரும் என்று அப்பா ஏதோ சொன்னார். உறுதிசெய்துகொள்ளக் கோத்தகிரி அண்ணனுக்குப் போன் போட்டோம். எங்கள் பக்கம் டவர் கிடைப்பது வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பலாமரத்தடியில் மட்டும்தான், அதுவும் கிழக்கே பார்த்து நின்றால். அப்பா கிழக்கே பார்த்து நின்று, "அக்கா என்னப்பா சொல்லுச்சு?" என்று கேட்டார். "சித்தப்பா, அத நான் சொன்னா நல்லா இருக்காது. நீங்களே கேட்டுக்குங்க" என்றார் அண்ணன். லைன் அறுந்தது. மறுபடி கிடைக்கவில்லை. அப்பாவுக்கு அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. கடலில் தலைமுழுகிவிட்டு வந்தார். மச்சானுக்காக மீனை விட்டார். மீன் இல்லாமல் கட்சாலில் சாப்பிட என்ன இருக்கிறது என்று யோசிப்பவர்களுக்கு அந்தத் தியாகத்தின் அளவு புரியும்.

நான் ரிப்பேரில் இறங்கினேன். முதலில் வயர். ஸ்பீக்கரின் பச்சை முனையைப் பின்பக்கத்துப் பச்சை ஓட்டையில்தான் செருகியிருந்தேன். பிடுங்கி மறுபடி செருகினேன். முன்பக்கத்து ஓட்டையில் செருகினேன். ஊதிவிட்டுச் செருகினேன். கம்ப்யூட்டர் வைத்தியத்தில் பாதி ஊதுவதுதான். பலனில்லை.

அக்கம்பக்கத்தில் மின்சார விஷயங்களுக்கு நாங்கள் கூப்பிடுவது பவர்ஹவுஸ் லைன்மேன் தாதாவை. வங்காளி, தாதா என்றால் அவர்கள் பாஷையில் அண்ணன். பூஜைக்கும் கல்யாணத்துக்கும் மைக் செட் போடுகிறவரும் அவர்தான். ஆகவே சத்தம் அவருடைய துறை. வந்தார். ஸ்பீக்கரைத் தன் ரேடியோவில் மாட்டினார். அது பாடியது. கம்ப்யூட்டரில் மாட்டினார். ஊமை. நெற்றியைச் சுருக்கி, "ஸ்பீக்கர் தோ டீக் ஹை. யே அர்த்திங் கா சக்கர் ஹை" என்றார். ஸ்பீக்கரில் குறையில்லை, எல்லாம் எர்த் செய்யும் வேலை என்பது தீர்ப்பு. தாதாவின் பார்வையில் உலகத்தில் எது பழுதானாலும் எர்த்துதான் காரணம். தோட்டத்துக் கிணறு வற்றியதற்கும் அதைத்தான் சொல்லியிருந்தார். வீட்டோரம் குழி வெட்டி, உப்பும் கரியும் போட்டு, இரும்புக் கம்பி இறக்கினார். அதன் பிறகு கம்ப்யூட்டரைத் தொட்டால் அடித்துக்கொண்டிருந்த ஷாக் நின்றது. சத்தம் வரவில்லை.

அவரும் வீடியோவைப் பார்த்தார். எங்கள் ஊரில் அதற்குள் பார்க்காதவர்கள் குறைவு. "தீதி குச் மாங் ரஹீ ஹை" என்றார், உங்கள் அக்கா ஏதோ கேட்கிறாள் என்று. அம்மா உடனே என்னைப் பார்த்து, "கொடம்தான்" என்றாள்.

வேறு இடத்தில் போட்டுப் பார்க்கலாமே என்று யாருக்கும் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. தாதாவின் டிவிடி பிளேயர் அந்த வீடியோவை ஏற்கவில்லை. அப்போது நான் ஒப்பந்த வேலை பார்த்த ஆபீஸில் வைரஸ் வரும் என்று பென் டிரைவ் செருகத் தடை போட்டிருந்தார்கள். அந்தக் கம்ப்யூட்டர்களில் வைரஸ் வந்தாலாவது ஏதாவது வேலை நடக்கும், அது வேறு விஷயம்.

கடைசியில் என் தம்பியிடம் போனோம். அவன் போர்ட் பிளேரில் மொபைல் கடை ஒன்றில் கவர் மாட்டி, ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தான். அம்மாவைப் பொறுத்தவரை என்ஜினியர். போனில் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தான். "சப்பை மேட்டர்க்கா. நெட்ல தேடு, ஆயிரம் பேர் எழுதியிருப்பான்."

கட்சாலில் அப்போது நெட் என்றால் மீன்பிடி வலைதான். அதை ஞாபகப்படுத்தினேன்.

"சரி, நான் சொல்றத அடி. டெர்மினல ஓப்பன் பண்ணு."

பலாமரத்தடியில் டவர், வீட்டுக்குள் கம்ப்யூட்டர். எனவே போன் அம்மா கையில். அவள் மரத்தடியில் நின்று அவன் சொல்வதைக் கேட்டுக் கத்த வேண்டும், நான் உள்ளே அடிக்க வேண்டும். "டெர்மினல தொறக்கணுமாம்!" என்று கத்தினாள் அம்மா. தொடர்ந்து, "டெர்மினல்னா கப்பல் ஏறுற எடமில்ல? அது எதுக்குடா இப்ப?" என்று போனில் அவனைக் கேட்பதும் காதில் விழுந்தது. எனக்கும் அந்தப் பெயரில் ஒன்றும் கிடைக்கவில்லை. மெனு மெனுவாகத் தேடி, முனையம் என்று ஒன்றைப் பார்த்துச் சந்தேகத்தோடு அழுத்தினேன். கறுப்பாக ஒரு ஜன்னல் திறந்தது. அதுதான்.

"சூடு... சூடா என்னமோ கெட்டுப்போச்சாம்!" என்று கத்தினாள் அம்மா.

நான் வெளியே ஓடிப் போனைப் பிடுங்கினேன். சூடோ, ஆப்ட்-கெட் என்று அவன் ஆங்கிலத்தில் எழுத்து எழுத்தாகச் சொன்ன கட்டளை அது. உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்து அடித்தேன். சத்தத்தைக் கவனிக்கிற மென்பொருளை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டால் சரியாகிவிடும் என்பது அவனுடைய சிகிச்சை. கம்ப்யூட்டர் என்னவோ நீளமாகக் கேட்டது. இன்னின்னவையும் சேர்ந்து போகும், சம்மதமா என்று கேட்டிருக்கிறது. நான் சம்மதம் என்றேன். வரிசையாகப் பெயர்கள் ஓடின. அழிப்பதற்கு இணையம் தேவைப்படவில்லை, அது பாட்டுக்கு அழித்தது. திரும்பப் போடச் சொன்னபோதுதான் இணையம் எங்கே என்று கேட்டது.

அணைத்துப் போட்டேன். மெனு இல்லை, படம் இல்லை, சீட்டாட்டம் இல்லை. கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் விட்டுவிட்டுக் கண்சிமிட்டியது. இதுவரை சத்தம் மட்டும் இல்லாத அத்தைக்கு இப்போது உருவமும் இல்லை.

"என்னடா செஞ்ச?" என்று தம்பியைக் கேட்டேன்.

"நான் சொன்னத நீ ஒழுங்கா அடிச்சிருக்க மாட்ட" என்றான் என்ஜினியர்.

புதிதாக லினக்ஸ் ஏற்றிய சிடி ஒன்றைக் கப்பலில் அனுப்புவதாகச் சொன்னான். கடல் கொந்தளிப்பு, கப்பல் ரத்து. அடுத்த கப்பல் எங்களைத் தாண்டிக் கேம்பல் பே துறைமுகத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்போது நிற்கும் என்றார்கள். திரும்பி வரும்போது நிற்கவில்லை. அந்த நாட்களில் வீட்டில் எல்லோரும் ஞாபகத்திலிருந்து அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஞாபகத்தில் அத்தை நாளுக்கு நாள் தெளிவாகப் பேசத் தொடங்கினாள். "தம்பி, ஒன் மச்சான் ஒன் பேரச் சொல்லிக்கிட்டேதான் போனாரு" என்பதுவரை அப்பாவுக்குக் கேட்டுவிட்டது. அம்மாவுக்குக் குடத்தின் எடை, அது யார் வாங்கிக் கொடுத்தது என்பதெல்லாம் கேட்டது. மகளே, நீ சும்மா இரு என்று எனக்கு மட்டும் என்னுடைய புத்தி சொன்னது.

சிடி ஒரு வழியாக வந்தது. போட்டேன். இந்தத் தடவை மெனு எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, உடனே எல்லாம் புரிந்தது. அத்தையும் பென் டிரைவில் பத்திரமாக இருந்தாள். அதே ஸ்டூல், அதே முந்தானை, அதே ஊமை.

தம்பியைக் கூப்பிடவில்லை. தாதாவுக்கும் சொல்லவில்லை. ஆபீஸ் லீவு நாளாகப் பார்த்து, காலையிலேயே உட்கார்ந்தேன். சத்த அமைப்பைத் திறந்தால், வெளியீடு என்று தமிழில் படித்துப் புத்தகம் வெளியிடுகிற சங்கதி என்று நினைத்து நான் எட்டிக்கூடப் பார்க்காத பக்கம் இப்போது புரியும்படி இருந்தது. அதில் இரண்டு வழி போட்டிருந்தது. ஒன்று, கம்ப்யூட்டரிலிருந்து டிவிக்குப் போகிற வயர் வழி. இன்னொன்று ஸ்பீக்கர் வழி. எங்கள் கம்ப்யூட்டர் முதல் வழியைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது. எங்கள் வீட்டில் டிவி இல்லை. அதாவது, அத்தை இத்தனை நாளும் வாய் ஓயாமல் பேசித்தான் இருக்கிறாள். இல்லாத ஒரு டிவியிடம்.

ஸ்பீக்கர் வழிக்கு மாற்றினேன். அப்போதும் சத்தம் வரவில்லை. கறுப்பு ஜன்னலில் கூடவே வரும் உதவிப் பக்கத்தை எடுத்துப் படித்தேன். யாரும் படிக்காததை அறிந்தே எழுதியது போன்ற உரைநடை. இருந்தாலும் விஷயம் இருந்தது. அல்சாமிக்சர் என்று ஒன்றைத் திறந்தால் தூண் தூணாகச் சத்தத்தின் அளவுகள் தெரியும். ஒவ்வொரு தூணுக்கும் கீழே சின்னப் பெட்டி. அதில் எம் என்கிற ஆங்கில எழுத்து இரண்டு இருந்தால் அந்தத் தூண் வாய் மூடியிருக்கிறது என்று அர்த்தம். திறந்தேன். எல்லாத் தூணும் உச்சி வரைக்கும் நிரம்பியிருந்தது. நான்தான் போன இடமெல்லாம் நூறு வைத்திருந்தேனே. ஃப்ரண்ட் என்று எழுதியிருந்த ஒரு தூணுக்குக் கீழே மட்டும் இரண்டு எம். எம் விசையை அழுத்தினால் வாய் திறக்கும் என்றது உதவிப் பக்கம். அழுத்தினேன்.

சரிபார்க்கிற பொத்தானைத் தட்டினேன்.

"ஃப்ரண்ட் லெஃப்ட்!" என்று ஒரு வெள்ளைக்காரி வீடே அதிரக் கூவினாள். அடுப்படியில் அம்மா எதையோ கீழே போட்டாள்.

"யாரு புள்ள அது?" என்று ஓடி வந்தாள்.

"சத்தம் வந்திருச்சும்மா."

"அது அந்த அக்கா கொரலு இல்லயே. அவளுக்கு இங்லீசு தெரியாது."

வேலை முடிந்து பென்ஷன் வாங்கினாலும் அப்பா பழக்கத்தில் ரப்பர் கொட்டகைப் பக்கம் போயிருந்தார். ஓடிப் போய்க் கூட்டிவந்தேன். சட்டை மாற்றக்கூட இல்லை, கையில் வெட்டுக்கத்தியோடு அப்படியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கத்தியை அம்மா வாங்கி வைத்தாள். போட்டேன்.

"டேய், அந்தக் கதவச் சாத்துடா, பொக உள்ளுக்கு வருது" என்றாள் அத்தை, விரலை நீட்டி. அதுதான் அந்த விரல். நான் அம்மாவைப் பார்க்கவில்லை. "இதப் பாத்தா பேசணும்? சரி. தம்பி, அக்கா பேசுறேன்டா. கண்ணு ஆப்பரேசன் செஞ்சிருக்கு, தண்ணி வடிஞ்சுக்கிட்டே இருக்குது. அழுவுறேன்னு நெனச்சிராத."

அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கடல் பொங்குனப்ப டிவியில அந்தமான், அந்தமான்னு சொன்னாங்க. தீவே முழுவிப் போச்சுன்னாங்க. ஒருத்தரும் ஒரு தகவலும் சொல்லல. எவ்வளவு நாளுடா பாக்குறது? நீ போயிட்டன்னு முடிவு பண்ணி, கருமாதி செஞ்சிட்டேன்." இந்த இடத்தில்தான் அத்தை வாய்விட்டுச் சிரித்தாள். "நல்லாத்தான் செஞ்சோம். லயமே வந்துச்சு. சின்னவன் மொட்ட போட்டான். நீ திம்பியேன்னு ஈரல தனியா வறுத்து வச்சுப் படச்சேன். இப்ப இந்தப் புள்ள வந்து நீ உசுரோட இருக்கன்னு சொல்லுது. சந்தோசப்படுறதா, பயப்படுறதா, ஒண்ணும் வெளங்கல. இந்தா பாரு ஒன் போட்டோ. மாலையெல்லாம் போட்டு வச்சிருக்கேன்."

அடுத்ததாகக் கேட்ட குரல் அத்தையுடையது அல்ல. படத்தில் தெரியாத பக்கத்திலிருந்து இருமிக்கொண்டு ஓர் ஆண் குரல், "மச்சான், சொகமா இருக்கீங்களா? நான்தான் முன்னுக்கு நின்னு எல்லாம் செஞ்சேன்" என்றது. மாமா. அப்பா தலைமுழுகி, மீனை விட்டுத் துக்கம் காத்தது யாருக்காகவோ, அந்த அத்தை புருஷன்தான்.

அப்பாவின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தேன். அழப்போகிறாரா, கோபப்படப்போகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு, "அந்தக் கருமாதி எடத்த இன்னொரு தடவ போடு" என்றார். போட்டேன். மறுபடி போடச் சொன்னார். "லயமே வந்துச்சாம்" என்று அம்மாவிடம் சொன்னார். குரலில் ஒரு பெருமை. தன் சாவுக்குக் கூட்டம் வந்ததைக் காதால் கேட்கும் யோகம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? "ஈரல நெனப்பு வச்சிருக்கா பாத்தியா" என்றார். கையால் முகத்தைத் தேய்த்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

அம்மாவின் கவனம் வேறு பக்கம் இருந்தது. "ஒங்களுக்கு மட்டும்தான் செஞ்சிருக்கா. தீவே முழுவிப் போச்சுன்னா நான் மட்டும் மெதந்துக்கிட்டா இருந்தேன்? எனக்கு ஒரு விளக்கு வச்சாளான்னு பாருங்க. ஒரு வார்த்த இருக்கா?"

இல்லைதான். நான் கவனமாகக் கேட்டிருந்தேன். குடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை, அதுவும் அம்மாவுக்கு வருத்தம்தான் என்று தோன்றியது.

வீடியோ இன்னும் முடிந்திருக்கவில்லை. கடைசியில் அத்தை கேமராவுக்குக் கிட்டே வந்து கண்டிப்பாகச் சொன்னாள். "பூசாரிகிட்ட கேட்டேன். காரியம் செஞ்சவன் திரும்பி வந்தா அப்படியே வுடக் கூடாதாம். தலைக்குத் தண்ணி ஊத்தி, திரும்பப் பேரு வச்சு, பொண்டாட்டிக்கு மறுபடியும் தாலி கட்டணுமாம். செஞ்சிட்டுச் சொல்லி வுடு. அப்பத்தான் மாலைய எடுப்பேன்."

அப்பா தலையாட்டினார். "செஞ்சிருவோம்" என்றார்.

"யாருக்கு?" என்றாள் அம்மா. "ஒரு தடவ கட்டுனதே போதும். என்னால முடியாது."

இரண்டு நாள் அப்பா கெஞ்சினார். தீட்டு என்றார், அக்காவின் மனசு என்றார். அம்மா அசையவில்லை. இடையில், மாமாவுக்கு நாங்கள் தலைமுழுகிய விஷயத்தைப் பதுளைக்குச் சொல்ல வேண்டாமா என்று நான் கேட்டேன். "வாயத் தொறக்காத" என்றாள் அம்மா. "அப்புறம் அவளும் அந்த ஆள இன்னொரு தடவ கட்டிக்கணும். பாவம் அந்த அக்கா." முப்பது வருஷத்தில் அத்தைக்காக அம்மா பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு கொஞ்சம் இளகினாள். ஆனால் நிபந்தனை போட்டாள். முதல் கல்யாணத்தில் தன்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, தோட்டத்தில் பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். இந்தத் தடவை முறைப்படி பெண் கேட்டு வர வேண்டும். அம்மாவின் அப்பா அம்மா இல்லை. ஆகவே பெண் வீட்டுக்குப் பெரிய மனுஷி நான். அப்பா பின்கட்டு வழியாக வெளியே போய், வீட்டைச் சுற்றி வந்து, வாசல் கதவைத் தட்டினார். கையில் தட்டு, வெற்றிலை, தேங்காய். தாதா கூட வந்தார், மாப்பிள்ளை வீட்டுப் பக்கம்.

"ஒங்கம்மாவ எனக்குக் குடுப்பியா?" என்றார் அப்பா. கேலியாக ஆரம்பித்தவர்தான். கேட்டு முடிக்கும்போது முகம் சிவந்துவிட்டது.

"மாப்பிள்ளைக்கு என்ன வேலை?"

"ரிட்டயர்டு."

நான் அம்மாவைப் பார்த்தேன். கதவோரம் நின்றிருந்தாள். "குடி இருக்கான்னு கேளு" என்றாள்.

"லடுக்கா அச்சா ஹை" என்று தாதா தன் பங்குக்குப் பையன் தங்கமானவன் என்று சான்று கொடுத்தார். சம்மதித்தோம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, தோட்டத்து மாரியம்மன் கோயிலில் என் அப்பா அம்மா கல்யாணத்துக்கு நான் போனேன். பூசாரி அப்பாவோடு சேர்ந்து பால் வெட்டியவர். மூன்று குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிவிட்டு, "என்ன பேரு வைக்கலாம்?" என்று கேட்டார். புதுப் பெயர் என்றதும் அப்பா அலறினார். ரேஷன் கார்டிலிருந்து பென்ஷன் காகிதம்வரை எல்லாம் பழைய பெயரில் இருக்கிறது, மாற்றினால் சர்க்கார் தன்னை இரண்டாவது தடவை கொன்றுவிடும் என்றார். சரி, பழைய பெயரையே திரும்ப வைப்போம் என்று முடிவானது. பூசாரி காதில் மூன்று தடவை சொன்னார். பக்கத்தில் தாதாவின் மைக் செட் அலறிக்கொண்டிருந்ததால் அப்பாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. "என்னா?" என்றார். "ஒன் பேருதான்யா!" என்று பூசாரி கத்தினார்.

தாலி கட்டும்போது அப்பாவுக்கு முதல் முடிச்சு நழுவியது. "பாத்துப் போடுங்க, அவசரமில்ல" என்றாள் அம்மா, கழுத்தைச் சாய்த்துக் கொடுத்து. அந்த அளவு மெதுவாக அவள் அவரிடம் பேசி நான் கேட்டதில்லை.

தாதா புதிதாக வாங்கிய தன் மொபைலில் எல்லாவற்றையும் பிடித்தார். போர்ட் பிளேர் போகிறவர் கையில் கொடுத்து, தம்பி வழியாகக் கோத்தகிரிக்கும், அங்கிருந்து பதுளைக்கும் அது போய்ச் சேர மாதக் கணக்கானது. போகிற வழியில், சத்தத்தைச் சரிசெய்தது தான்தான் என்று தம்பி கோத்தகிரியில் சொல்லிவிட்டிருந்தான். சொல்லிவிட்டுப் போகட்டும். அத்தை வீடியோவைப் பார்த்தாளாம். அம்மாவின் புடவை நன்றாக இருக்கிறது என்றாளாம். போட்டோவிலிருந்து மாலையை எடுத்துவிட்டாளாம். போட்டோ மட்டும் சுவரிலேயே இருக்கட்டும், ஆணி அடித்தது அடித்ததுதானே என்று விட்டு வைத்திருக்கிறாளாம்.